பெருமண் பாலத்துக் காற்றும் நம் கைக்கு வராத அறிக்கைகளும்

1988 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. ஆரியங்கோட்டுச் சாயாக்கடை ஒன்றில், மழைக்கு ஒதுங்கிய பத்துப் பதினைந்து பேர் ஒரு சிறிய வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றதும், பெங்களூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லத்துக்கு வடக்கே அஷ்டமுடிக் காயலின்மேலுள்ள பெருமண் பாலத்தில் தடம்புரண்டு, அதன் பெட்டிகள் நீரில் வீழ்ந்துவிட்டன என்று வானொலி சொன்னதும், கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைப் பாதியில் நிறுத்திக் கையில் பிடித்தபடியே நின்றதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக இருப்புப்பாதை வந்து அப்போது ஒன்பது வருஷங்கள்தாம் ஆகியிருந்தன. 1979-க்கு முன்னர் ரயில் என்பது எங்களுக்குத் திருவனந்தபுரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். ஆகையால் அந்தப் புதிய பாதையில் பழகத் தொடங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்று அந்த வண்டியில் யாரேனும் ஒருவர் இருந்திருக்கலாம் என்ற அச்சம் இருந்தது. 105 பேர் அந்தக் காயலில் மாண்டார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து, சாட்சியங்களைக் கேட்டு, பெட்டிகளையும் தண்டவாளத்தையும் பரிசோதித்து, சுழற்காற்று ஒன்று வண்டியைத் தாக்கிப் பெட்டிகளைப் புரட்டிவிட்டது என்னும் முடிவுக்கு வந்தார். கரையிலே நின்றவர்கள் இந்த முடிவை ஏற்கவில்லை. காயற்கரையின் தென்னை மரங்கள் நின்றபடி நிற்கையில் இரும்புப் பெட்டிகளை மட்டும் காற்று எவ்வாறு தேடிவந்து தூக்கியது என்று அவர்கள் கேட்டார்கள். பாலத்தில் தண்டவாள வேலை நடந்ததென்றும், வண்டி மிக வேகமாக வந்ததென்றும் ஊர் பேசிற்று. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் தலைமையில் இரண்டாவது விசாரணையும் வைக்கப்பட்டது. ஆயினும் இன்றைக்கும் ரயில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது, ஜன்னலோரத்தில் இருக்கும் முதியவர்கள் பேச்சை நிறுத்தி வெளியே பார்ப்பதையும், இளைஞன் ஒருவன் காரணம் கேட்டால் "காற்றாம்" என்று ஒரு சொல்லில் பதில் வருவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த "ஆம்" என்னும் விகுதியில் ஒரு தலைமுறையின் அவநம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

காற்று ரயிலைக் கவிழ்க்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்தில் 1879 டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, டே நதியின்மேல் இருந்த பாலம் புயற்காற்றில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு நீரில் விழுந்தது. வண்டியிலிருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கேயும் காற்றுதான். ஆனால் அங்கே விசாரித்தவர்கள் காற்றோடு நிற்காமல், அந்தக் காற்றைத் தாங்கும்படி பாலம் ஏன் அமைக்கப்படவில்லை, வார்ப்பிரும்புத் தூண்களில் என்ன குறை, கட்டிய பின் அதைப் பராமரித்தவர்கள் எதைக் கவனியாமல் விட்டார்கள் என்று வினாமேல் வினாவாகத் தொடுத்துச் சென்றார்கள். அதன் பயனாக, இனிக் கட்டப்படும் பாலங்கள் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று ஓர் எண் பிறந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும் ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோன நம் பாம்பனிலேயே, பழைய பாலத்தில் காற்றுமானி ஒன்றை வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும்படி இணைத்திருந்தார்கள். அந்த வேகத்தைக் காற்று தாண்டியபின் நிலைய அதிகாரியின் தைரியத்துக்கோ ஓட்டுநரின் அவசரத்துக்கோ அங்கே இடமில்லை. காற்று என்று சொல்வது விசாரணையின் வாசற்படி. பெருமணில் நம் ஜனங்களுக்கு வாசற்படியைக் காட்டினார்கள். உள்ளே என்ன இருந்தது என்று காட்டவில்லை. நாற்பது வருஷங்களை நெருங்கியும் அந்தச் சந்தேகம் சாகாமல் இருப்பதற்கு ஜனங்களின் அறியாமை காரணமன்று.

விபத்து என்றால் எவனாவது ஒருவன் தண்டனை பெற வேண்டும், அல்லது எவராவது பதவி விலக வேண்டும் என்பது நம் நாட்டில் வேரூன்றிப்போன எண்ணம். இதற்கு ஓர் உயர்ந்த உதாரணமும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள், கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீசுவரமும் சென்னை ராஜ்யத்தோடு சேர, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. உறவினர்கள் இருபுறமும் பிரிந்து நின்ற அந்தக் கோடு விழுந்து இருபத்திரண்டாம் நாள், நவம்பர் 23-இல், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கருகே மருதையாற்று வெள்ளத்தில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூன்று மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்துக்கே ராஜினாமா கொடுக்க முன்வந்து நேருவால் தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை பதவி விலகினார். அந்தப் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். ஆனால் அரியலூரைப் பற்றி இன்று எவரைக் கேட்டாலும் சாஸ்திரியின் ராஜினாமாவைச் சொல்வார்களேயன்றி, அந்த வெள்ளம் வருவதை முன்கூட்டி அறிந்து வண்டியை நிறுத்த அன்று என்ன ஏற்பாடு இருந்தது, அதற்குப்பின் என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்று சொல்வாரில்லை. ஓர் உத்தமரின் தியாகத்தை நினைவில் வைத்த நாம், அந்த ஆற்றின் பாடத்தை நினைவில் வைக்கவில்லை.

தண்டிப்பது வேறு, காரணத்தைக் கண்டறிவது வேறு என்பதைச் சட்டம் அறியாததன்று. ரயில் விபத்துகளை விசாரிக்கும் ஆணையர்கள் ரயில்வே இலாகாவின் கீழ் இருந்தால் தம் எஜமானரையே விசாரிக்க நேரும் என்று கருதி, 1941-ஆம் வருஷத்திலேயே அவர்களை அவ்விலாகாவிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றும் அவர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 117-ஆம் பிரிவு, ஆணையர் முன்னிலையில் ஒருவன் சொல்லும் வாக்குமூலத்தை, அது பொய்ச்சாட்சியம் என்ற வழக்கில் அன்றி வேறெந்த வழக்கிலும் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. எத்தனை நுட்பமான ஏற்பாடு! தடம் மாற்றும் பாயிண்டைக் கவனிக்கும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவன், "ஆம், நான் பாயிண்டைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன், ஒவ்வொரு நாளும் அப்படித்தான் செய்கிறோம், ஆளில்லை" என்று பயமின்றிச் சொன்னால்தானே அடுத்த நிலையத்தில் அதே பிழை நிகழாமல் தடுக்க முடியும்? விலங்கு காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவன் வாயே திறக்கமாட்டான்.

ஒடிஷாவின் பாலாசோர் ஜில்லாவில் பஹாநாகா பஜார் நிலையத்தருகே 2023 ஜூன் 2-ஆம் நாள் அந்தி வேளையில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் நேரே செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பாயிண்ட் லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி ஒன்று நின்றிருந்தது. வேகத்தோடு வந்த வண்டி அதன்மேல் ஏறிற்று. சிதறிய பெட்டிகள் அடுத்த பாதையில் எதிரே சென்றுகொண்டிருந்த ஹவுரா வண்டியின் கடைசிப் பெட்டிகளைச் சாய்த்தன. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிவப்பாக இருக்கவேண்டிய இடத்தில் பச்சை எரிந்ததற்குக் காரணம், அருகிலிருந்த லெவல் கிராசிங்கின் சிக்னல் கம்பிகளை மாற்றியமைத்தபோது நேர்ந்த தவறுகள் என்று ஆணையரின் விசாரணை கண்டது. அவற்றுள் ஒன்று ஐந்து வருஷங்களாக, 2018 முதலே, சிக்னல் பெட்டிக்குள் ஒளிந்துகிடந்தது.

இதைவிட நெஞ்சை வருத்துவது வேறொன்று. அதே கரக்பூர் கோட்டத்தில், 2022 மே மாதத்தில், பாங்க்ராநயாபாஜ் என்னும் நிலையத்தில் கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டதால் இதைப்போன்ற ஒரு கோளாறு ஏற்பட்டிருந்தது. உயிர்ச்சேதமில்லை. அப்போதே கோட்டம் முழுவதிலும் கம்பிகளைச் சரிபார்த்திருந்தால் பஹாநாகாவில் விபத்தே நிகழ்ந்திராது என்று ஆணையர் எழுதினார். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் வண்டி தவறான பாதைக்குத் திரும்பவிருந்ததை ஓட்டுநரின் ஜாக்கிரதை தடுத்தது. அதைக் கண்டு அஞ்சிய மூத்த அதிகாரி ஒருவர், சிக்னல் அமைப்பிலேயே அபாயகரமான குறைகள் இருக்கின்றன என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நான்கு மாதங்கள் கழித்துக் கோரமண்டல் வந்தது. பெரிய விபத்துகள் அநேகமாக முன்னறிவிப்பின்றி வருவதில்லை. சாவு நேராத ஒரு சிறு கோளாறாக எங்கேயோ ஒரு நிலையத்தில் தலைகாட்டி, ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

பஹாநாகாவைப் பற்றி ஆணையர் எழுதிய அறிக்கை என்னவாயிற்று? மத்தியப் புலனாய்வுத் துறையும் விசாரித்துக்கொண்டிருப்பதால் அதை வெளியிடுவதற்கில்லை என்று சொன்னார்கள். பத்திரிகைகள் பெற்று எழுதிய பகுதிகளே ஜனங்களுக்குத் தெரிந்தவை. ஜூலையில் ஊழியர் மூவர் கைதாயினர். குற்றம் இருந்தால் நியாயஸ்தலம் தண்டிக்கட்டும்; அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தண்டிக்கும் வேலை, காரணத்தைச் சொல்லும் வேலையின் வாயைப் பொத்துவதற்கு நான் ஒருபோதும் சம்மதியேன். மாண்டவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு அந்த அறிக்கையின்மேல் உரிமை உண்டு. அதைக் காட்டிலும் அவசரமான உரிமை, நாளைக்கு அதேபோன்ற பெட்டியைத் திறந்து அதேபோன்ற கம்பியைப் பிடிக்கப்போகிறவனுக்கு உண்டு.

விமான விபத்துகளில் நிலைமை ஓரளவு மேலானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் சாட்டுவது விசாரணையின் நோக்கமன்று, மறுபடி நிகழாமல் தடுப்பதே நோக்கம் என்னும் சர்வதேச விதி அங்கே ஆட்சி செய்கிறது. 2012-இல் அதற்கெனத் தனி அமைப்பும் ஏற்பட்டது. இறுதி அறிக்கை பகிரங்கமாக வெளிவருகிறது. அவ்வாறு வெளிவந்ததனால்தான் நம்மால் இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. 2010 மே 22-ஆம் நாள் மங்களூரில், குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதையில், துபாயிலிருந்து வந்த விமானம் வெகுதூரம் தாண்டித் தரையைத் தொட்டு, முனையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானி பிரயாணத்தின்போது நெடுநேரம் உறங்கியிருந்தார் என்பதை ஒலிப்பதிவுக் கருவியில் கேட்ட குறட்டை காட்டிற்று. துணை விமானி, இறங்க வேண்டாம், மேலெழுந்து சுற்றி வருவோம் என்று மூன்று முறை சொல்லியிருந்தார்.

பத்து வருஷங்களுக்குப் பின், 2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் இரவு, கோழிக்கோட்டில், அதே விதமான மேட்டு ஓடுபாதை, அதே வகை விமானம், அதே துபாய் மார்க்கம். கொட்டும் மழை, தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யவில்லை, பின்னாலிருந்து காற்று தள்ளிற்று. 2,700 மீட்டர் ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியைக் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் முனையைத் தாண்டி விழுந்து பிளந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். இங்கேயும் துணை விமானி மேலெழும்படி சொன்னார். இங்கேயும் மூத்தவர் கேட்கவில்லை. அதிகாரத்தில் மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையிலிருந்த பெரும் ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம் என்று அறிக்கை சொல்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தின்மேல் நான் பலநாள் நின்றிருக்கிறேன். ஏனெனில் அது விமானத்தைப் பற்றிய வாக்கியமன்று. நம் வீட்டைப் பற்றியது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். மாமனாருக்கு மருமகனும், தலைமையாசிரியருக்கு உபாத்தியாயரும், எஞ்சினீயருக்கு மேஸ்திரியும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்வதை மரியாதை என்று கருதுகிறோம். இளைய விமானி சொல்லிவிட்டார் என்பதே பெரிய காரியம். ஆனால் சொன்னதற்குமேல் ஒன்றும் செய்ய அவருக்குக் கை எழவில்லை. மனிதரை மாற்றினால் போதாது, அவர்கள் பழகும் முறையையே பயிற்சியால் மாற்ற வேண்டும் என்பதை எந்தப் போலீஸ் விசாரணையும் கண்டுபிடித்திருக்க முடியாது. 2025 ஜூன் 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் 260 உயிர்களைக் கொண்ட விபத்திலும், ஒரு மாதத்துக்குள் வந்த முதற்கட்ட அறிக்கை, இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருளை அடைக்கும் விசைகள் ஒரு வினாடி இடைவெளியில் அணைவு நிலைக்கு மாறின என்பதை மறைக்காமல் சொன்னது. அதன்பின் தொலைக்காட்சிகளில் இறந்துபோன விமானிகளைக் குற்றக்கூண்டில் ஏற்றிப் பேசியவர்களின் அவசரத்துக்கு அறிக்கை பொறுப்பல்ல.

நீர்வழியில்தான் நம் நிலைமை பரிதாபம். மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனையாற்றில் 'ரிடீமர்' என்னும் படகு கவிழ்ந்து மறைந்தார். முறைஜபம் கண்டு திரும்பியவர்களின் கூட்டம் படகில் மிகுந்திருந்தது. அதற்குப்பின் 2002 ஜூலை 27-இல் முகம்மையிலிருந்து குமரகத்துக்குச் சென்ற படகு வேம்பநாட்டுக் காயலில் முழுகி 29 பேர் மாண்டார்கள். 2007-இல் தட்டேக்காட்டில் உல்லாசப் பிரயாணம் வந்த பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியைகளுமாக 18 பேர். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் பலர் உட்பட 45 பேர். 2023 மே 7-இல் தானூரில், மீன்பிடி வள்ளத்தை உல்லாசப் படகாக மாற்றிய ஒன்றில் 22 பேர். இந்தப் பிந்திய நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் ஒரு கமிஷன். குமரகத்தை விசாரித்த நீதிபதி நாராயணக் குறுப்பு முதல், தானூரை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி மோகனன் வரையில், அவர்கள் உழைப்பில் குறையில்லை. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றாதே, உயிர்காப்பு அங்கியை அணியச் செய், படகின் தகுதியைப் பரிசோதி: கேட்டவர்கள் மறந்துவிடுவதால், இதையே ஒவ்வொரு கமிஷனும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. கமிஷன் கலைந்துபோகும், அறிக்கை சட்டசபையில் வைக்கப்படும், அதற்குப் பின் அதன் சிபாரிசுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைச் செய்தீர்களா?" என்று மாதந்தோறும் கேட்பதற்கு ஒரு நிரந்தர ஸ்தாபனம் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் பேரக்குழந்தைகளோடு ஒரு காயலில் நான் படகேறியபோது கண்டதைச் சொல்கிறேன். எந்த ஊர், எவருடைய படகு என்பது இங்கே வேண்டாம். ஆரஞ்சு நிற அங்கிகள் படகின் பின்புறம் ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் காற்றில் பறந்துவிடாதபடி அவற்றின் வார்களை ஒன்றோடொன்று சேர்த்து நைலான் கயிற்றால் இறுக முடிச்சிட்டிருந்தார்கள். மழையிலும் வெயிலிலும் அந்த முடிச்சு கல்லாகிப் போயிருந்தது. சின்னவளுக்கு ஒன்றை எடுத்துப் போடலாம் என்று நான் நகத்தால் அதை அவிழ்க்க முயன்றேன்; மறுகரை வந்து சேர்ந்தும் அவிழவில்லை. படகைச் செலுத்திய ஸ்ராங்கு நல்ல மனிதர். "பயப்படவேண்டாம் சார், எல்லாம் சரியாக இருக்கிறது, பரிசோதனைக்கு வந்தவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்" என்றார். எண்ணிப் பார்த்தது மெய்தான்.

அமெரிக்காவில் ரயில், கப்பல், விமானம் மூன்றுக்கும் ஒரே விசாரணைச் சபை இருக்கிறது. 1967-இல் போக்குவரத்து இலாகாவோடு சேர்ந்து பிறந்த அதை, சில வருஷங்களிலேயே சட்டம் இயற்றி எந்த இலாகாவுக்கும் கட்டுப்படாததாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். பாராளுமன்றத்துக்கு மட்டும் பதில் சொல்வதாக, படகுகளையும் உட்கொண்டதாக அது இருக்க வேண்டும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் முழுகிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பலிலிருந்து வெளிப்பட்ட பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரியிலும் கரையொதுங்கியபோது, அவற்றை மணலிலிருந்து முறத்தால் சலித்தெடுத்தவர்களுக்கு அந்தக் கப்பல் ஏன் சாய்ந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதும் தெளிவாக வேண்டாமா? ஸ்தாபனம் அமையக் காலம் ஆகலாம். ஆனால் காலம் ஆகாத காரியம் ஒன்று உண்டு. ரயிலோ, படகோ, விமானமோ, ஒவ்வொரு விசாரணை அறிக்கையும் முடிந்தவுடன் முழுமையாக வெளிவரட்டும். ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் மலையாளத்திலும், அந்தத் தொழிலைச் செய்பவன் வாசிக்கும் மொழியில் வரட்டும். அதன் ஒவ்வொரு சிபாரிசுக்கும் எதிரே, செய்தாயிற்று, இன்ன தேதியில் செய்தாயிற்று, அல்லது செய்யவில்லை, காரணம் இது என்று எழுதப்பட்டிருக்கட்டும். காகிதச் செலவைத் தவிர இதற்குப் பெரிய செலவில்லை.

எங்கள் பகுதிக்கு இது தள்ளிப்போடும் விஷயமன்று. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஒற்றைப் பாதையை இரட்டையாக்கும் பணி நடக்கிறது. புதிய பாதை சேருமிடமெல்லாம் பாயிண்டுகள் மாறும், சிக்னல்கள் இடம்பெயரும், பெட்டிகள் திறக்கப்படும், பழைய கம்பிகள் கழற்றப்பட்டுப் புதியவை இணைக்கப்படும். பஹாநாகாவில் நடந்ததும் இத்தகைய வேலையில்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையே பாதையோரமாக நான் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே கீமேன் ஒருவர் வந்தார். குழித்துறைப் பக்கத்துக்காரர். தோளில் நீண்ட ஸ்பானர், கையில் சுத்தியல், மழைக்கோட்டின்மேல் குறுக்கே ஒரு தோல்பை. பத்தடிக்கு ஒருமுறை நின்று, கட்டையோடு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார், ஒலியைக் கேட்பார், மேலே நடப்பார். தளர்ந்திருந்தால் ஒலி வேறாக இருக்குமாம். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை ஆயிரம் தட்டுகள்! பேச்சு வாக்கில் ஒடிஷா விபத்து வந்தது. பத்திரிகையில் நான் வாசித்ததையெல்லாம் சொன்னேன். மழைத்துளி மூக்கில் வழிய, சுத்தியலைக் கீழே ஊன்றிக்கொண்டு அவர் முழுவதையும் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"சிக்னல் வேல எங்க செக்ஷன் இல்ல சார், இருந்தாலும் கேக்கேன். வயர மாத்தி முடிச்ச பிறகு, டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, இனி வண்டி விடலாம்னு ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு மெமோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அந்த மெமோவில என்ன எழுதியிருந்தாங்க?"

அறிக்கையில் இருக்க வேண்டும் என்றேன். அவர் தலையசைத்தார். திருவனந்தபுரத்துக்குப் போகும் பாசஞ்சர் தூரத்தில் குரல் கொடுக்க, இருவரும் பாதையை விட்டு இறங்கி நின்றோம். வண்டி கடந்தவுடன், அது கடந்த இடத்திலிருந்தே மறுபடி தட்டத் தொடங்கினார்.